அந்தோணி சார் வீட்டுப் பச்சைத் தண்ணீர்

வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகும் கடை ஆட்களின் வாட்ஸப் குழுவிலிருந்து என்னை யாரும் நீக்கவில்லை. தினமும் குட்மார்னிங் படங்களுக்கு நடுவே ஒரு மீன் தொட்டியின் படம் வந்து விழும். தண்ணீர் பச்சைப் பசேலென்று இருக்கும். கீழே, "அண்ணா, இதுக்கு எந்த மருந்து ஊத்தணும்?" என்று கேட்டிருப்பார்கள். இப்போது எல்லாவற்றுக்கும் பாட்டில் வந்துவிட்டது. பாட்டில் கேட்காவிட்டால் யூவி விளக்குக் குழாய் இருக்கிறது. தொட்டித் தண்ணீரை பம்ப் உறிஞ்சி அந்த விளக்கைத் தாண்டி அனுப்பும், ஒரு வாரத்தில் பச்சை போய்விடும். நல்ல சாமான்தான், நானே நிறைய வீடுகளில் மாட்டியிருக்கிறேன். ஒரே ஒரு வீட்டில் மட்டும் பையிலிருந்து எடுத்த குழாயை மறுபடியும் பைக்குள் வைத்துக்கொண்டு திரும்பினேன். ஏன் என்று குழுவில் டைப் செய்யக் கட்டைவிரலுக்குப் பொறுமை இல்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் பெங்களூர் மர்பி டவுன்காரன். முதலில் கார் சீட்டுக்கு உறை தைக்கும் கடையில் இருந்தேன். ரெக்சின் வாடை ஒத்துக்கொள்ளாமல் தும்மித் தும்மியே அந்த வேலை போயிற்று. பிறகு ஒரு வண்ணமீன் கடையில் வீடு வீடாகப் போய்த் தொட்டி கழுவும் ஆளாகச் சேர்ந்தேன். ரப்பர் குழாயை வாயால் உறிஞ்சித் தண்ணீர் இறக்கக் கற்றுக்கொண்டேன். அப்படிக் கற்றபோது குடித்த தொட்டித் தண்ணீருக்குக் கணக்கில்லை. ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவக் கூடாது, தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழிய வேண்டும் என்று கற்றேன். பழகிய காலத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. முதுகு வலித்தது, அவ்வளவுதான்.

பாசியைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். கண்ணாடியில் படிகிற பாசி உண்டு, கல்லில் முடி மாதிரி நீளுகிற பாசி உண்டு, செடியில் கறுப்பாகத் தாடி விடுகிற பாசியும் உண்டு. இவற்றோடு சண்டை போடலாம். சுரண்டினால் போகும், பிய்த்தால் வரும். பச்சைத் தண்ணீர் அப்படி இல்லை. அதில் பாசி எதிலும் ஒட்டியிருக்காது. கண்ணுக்கே தெரியாத சின்ன உயிர்களாகத் தண்ணீர் முழுக்க மிதந்துகொண்டிருக்கும். பாதித் தண்ணீரைக் கொட்டினால் மீதிப் பாதியில் இருப்பவை சில நாளில் பெருகித் தொட்டியை மறுபடி பச்சையாக்கிவிடும். பச்சையை மறைக்க நீல மருந்து ஊற்றித் தொட்டியைத் துணிக்கு நீலம் போட்ட வாளி மாதிரி ஆக்கி வைத்த மகராசர்களையும் பார்த்திருக்கிறேன். நான் வாளியில் மொண்டு சாக்கடையில் ஊற்றுவது அழுக்கு இல்லை, உயிர் என்று முதன்முதலில் தெரிந்துகொண்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அந்தச் சிலிர்ப்பு இன்றுவரை முழுசாக அடங்கவில்லை.

எனக்கு அதைச் சொன்னவர் ஷமீம் மேடம். கடையை ஆரம்பித்தவர் அவருடைய அப்பா. அவருக்குப் பிறகு மகள் பொறுப்பெடுத்தார். என்னைவிட வயதில் சின்னவர், என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவார். ஆனால் அவர் கடைக்குள் நுழைந்தால் தொட்டியில் இருக்கும் மீன்கூட ஒழுங்காக நீந்தும் என்று நாங்கள் கேலி செய்வோம். தொட்டியில் என்ன கோளாறு என்றாலும் மேடம் உடனே கை வைக்க மாட்டார். முதலில் நாற்காலி கேட்டு உட்காருவார். வீட்டுக்காரர்கள் கொடுக்கும் டீயைக் குடிப்பார். தொட்டியைப் பார்ப்பார், அதைவிட அதிகமாகச் சுற்றிலும் பார்ப்பார். நாம் ஏதாவது பேச வாயெடுத்தால், "கைக்கு அண்ணா? கைக்கு அவசரம்?" என்பார். எதற்கு என்பதற்கு அவருடைய தக்கினி உருது அது. பிறகு பையிலிருந்து ஒரு வெள்ளைக் கோப்பையை எடுத்துத் தொட்டித் தண்ணீரை மொண்டு ஜன்னல் திட்டில் வைப்பார். கொஞ்ச நேரம் கழித்துத் தூசி அடியில் படிந்து தண்ணீர் தெளிந்தால் அது வெறும் கலங்கல். தெளியாமல் பச்சை அப்படியே நின்றால், "உயிரோட இருக்கு" என்பார்.

அல்சூர் பக்கம் ஒரு வீடு. வருஷக் கணக்காகப் பளிங்கு மாதிரி இருந்த தொட்டி திடீரென்று பச்சையாகிவிட்டது. நான் தீனியைக் குறைத்தேன், விளக்கைக் குறைத்தேன், தண்ணீரை மாற்றினேன், ஒன்றும் நடக்கவில்லை. மேடம் வந்து உட்கார்ந்தார். டீ ஆறுகிற வரைக்கும் தொட்டியின் பக்கம் திரும்பவே இல்லை. வெளியே பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "இங்க ஒரு மரம் இருந்துச்சே?" என்று கேட்டார்.

"கரண்டு கம்பில படுதுன்னு போன மாசம் கிளையெல்லாம் வெட்டிட்டாங்க மேடம்" என்றார் அந்த வீட்டு அம்மா.

அப்போதுதான் நான் தரையைப் பார்த்தேன். ஜன்னலிலிருந்து ஒரு வெயில் பட்டை ஓடிவந்து தொட்டியின் காலைத் தொட்டுக்கொண்டு நின்றது. இன்னும் கொஞ்ச நேரத்தில் மேலே ஏறிவிடும். ஒரு திரைச்சீலை போட்டதும் பச்சை தானாக அடங்கிவிட்டது. ரோட்டில் ஒரு கிளை போனதை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை, அந்தத் தண்ணீர் கவனித்திருந்தது. அன்று வீடு திரும்பும்போது பஸ்ஸில் ஒவ்வொரு மரமாகப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

சரி, நான் சொல்ல வந்த வீட்டுக்கு வருகிறேன். அது விவேக் நகரில், குழந்தை இயேசு கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. லூர்து டீச்சர் ஆரம்பப் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய கணவர் அந்தோணி சாருக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கமும் பேச்சும் போய்விட்டது. உள்ளறையில் காற்று வராது என்று கட்டிலை ஹாலுக்குக் கொண்டுவந்து, அவர் ஆசையாக வளர்த்த மீன் தொட்டியை ஒட்டிப் போட்டிருந்தார்கள். உள்ளே மூன்று தங்கமீன்கள். படுத்தபடியே திரும்பிப் பார்த்தால் கண்ணுக்கு நேரே மீன் தெரியும். ஜன்னலைச் சாத்தினால் அவருக்கு மூச்சு முட்டியது, இருட்டினால் பயந்தார். அதனால் பகலெல்லாம் வெயில், இரவெல்லாம் டியூப்லைட். சில வாரத்தில் தண்ணீர் பச்சையாகி மீன்கள் மறைந்துவிட்டன.

நான் முதலில் போனபோது அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு கிடந்தார். நான் பாதித் தண்ணீரை மாற்றினேன், பச்சை திரும்ப வந்தது. டீச்சரும் விடாமல் ஒருநாள் விட்டு ஒருநாள் தாமே மாற்றிக்கொண்டிருந்தார், அப்போதும் வந்தது. மேடத்தைக் கூட்டிக்கொண்டு போனேன். உட்கார்ந்தார், டீ குடித்தார், கோப்பையில் மொண்டு வைத்தார். பிறகு, "டீச்சர், எந்தத் தண்ணி ஊத்துறீங்க?" என்று கேட்டார்.

"காவேரித் தண்ணியில பிளீச்சிங் வாடை அடிக்குதும்மா. மீனுக்கு ஆகாதுன்னு போர் தண்ணிதான் ஊத்துறேன். பெரிய ட்ரம்முல புடிச்சு ராத்திரியெல்லாம் ஆற வெச்சு, சுத்தமா, ஜில்லுன்னு ஊத்துறேன்."

மேடம் அந்த ட்ரம் தண்ணீரில் ஒரு சோதனைக் காகிதத்தை நனைத்தார். அது பீட்ரூட் நிறத்துக்கு மாறியது. "இந்த போர் தண்ணியில பாசிக்கு வேண்டிய உரம் அப்படியே இருக்கு. நீங்க மீனுக்குத் தண்ணி மாத்தல டீச்சர், பாசிக்கு விருந்து வெச்சிருக்கீங்க" என்றார். டீச்சருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அன்றோடு தண்ணீர் மாற்றுவதை நிறுத்தினோம். தொட்டியில் இருந்த ஃபில்டர் காற்றுக் குமிழி விடும் ஸ்பாஞ்ச் ரகம். அது பாட்டுக்கு ஓடட்டும் என்று விட்டுவிட்டோம்.

வெளிச்சம்தான் மிச்சம். அவருக்கு வெளிச்சம் வேண்டும், தொட்டிக்கு வேண்டாம். எனவே தொட்டியை மட்டும் சில நாள் கறுப்புத் துணியால் மூடி வைக்கலாம் என்றார் மேடம். மறுவாரம் நான் போய்த் துணியைப் போர்த்தினேன். அந்தோணி சார் போட்ட சத்தத்தை என்னால் மறக்க முடியாது. வார்த்தை இல்லாத ஒரு கதறல். இடக்கையால் கட்டில் சட்டத்தை அடித்து அடித்து முட்டி சிவந்துவிட்டது. மதியத்துக்குள் துணியை எடுத்துவிட்டோம்.

அதற்குப் பிறகு அவருடைய போக்கு மாறிவிட்டது என்றார் டீச்சர். சுவர்ப்பக்கம் திரும்புவதே இல்லை. தூங்குவதில்லை. தொட்டிக்கு அருகில் யாராவது போனாலே கத்துகிறார். டாக்டர், தூக்கம் இல்லாவிட்டால் ரத்தக் கொதிப்பு ஏறும், மறுபடியும் ஒரு தாக்கு வந்தால் தாங்க மாட்டார் என்று சொல்லிவிட்டார். ஹோசூரில் வேலை பார்க்கும் மகன் வின்சென்ட் வந்து பார்த்துவிட்டு, "அந்தப் பச்சையைப் பாத்துத்தான் அப்பா இப்படி ஆவுறாரு. வர்ற ஞாயித்துக்கிழமைக்குள்ள தெளியலன்னா தொட்டிய எடுத்துடலாம்மா. அந்த எடத்துல டிவி மாட்டிடறேன்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். பாவம், அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அப்பா பிழைக்க வேண்டும் என்பதுதான் அவர் கவலை.

"அவருக்கு இருக்கிறதே அது ஒண்ணுதான் தம்பி" என்றார் டீச்சர் என்னிடம். "அதையும் எடுத்துட்டா மனுஷன் எதைப் பாத்துட்டுக் கெடப்பாரு?"

அதனால்தான் அந்த வியாழக்கிழமை யூவி குழாயை எடுத்துக்கொண்டு போனேன். அன்று மாட்டினால் ஞாயிற்றுக்கிழமைக்குள் மீனாவது மங்கலாகத் தெரியும். டீச்சர் கோயிலுக்கு நவநாள் ஜெபத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். "போறதுக்குள்ள இவரைக் கொஞ்சம் மேல தூக்கிப் படுக்க வெக்கணும், ஒரு கை புடிங்க தம்பி" என்றார். தூக்கினோம். டீச்சர் கதவைச் சாத்திக்கொண்டு போனார். நான் குழாயை எடுத்து, பம்பைத் தொட்டிக்குள் இறக்கப் போனேன்.

அந்தோணி சார் இடக்கையால் என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

அந்தக் கையில் அத்தனை பலம் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நிலை தவறி முட்டிபோட்டு விழுந்தேன், என் தலை அவர் தலையணையில் போய் முட்டியது. "சார், விடுங்க சார், ஒண்ணும் பண்ணல சார்" என்று சொல்லிக்கொண்டே திரும்பினேன். அவர் முகம் எங்கே பார்த்துக்கொண்டிருந்ததோ அங்கேயே என் முகமும் பார்த்தது.

நின்றுகொண்டு பார்த்தால் அந்தக் கண்ணாடியில் எப்போதும் ஜன்னலின் பிம்பம்தான் தெரியும். தலையணை மட்டத்தில் அந்தப் பிம்பம் இல்லை. காலை வெயில் பக்கவாட்டில் நுழைந்து தண்ணீர் முழுவதும் உள்ளேயிருந்தே ஒளிர்ந்தது. அத்தனை அழகான பச்சையை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. கண்ணாடிக்கு மிக அருகில், அந்தப் பச்சையில், இரண்டு கறுப்புப் புள்ளிகள் நகர்ந்தன. அவற்றுக்குப் பின்னால் கண்ணிமை முடி அளவுக்கு ஒரு கோடு துடித்தது. கண் பழகியதும் அதன் பக்கத்தில் இன்னொன்று தெரிந்தது. பிறகு இன்னும் பல. பச்சைக்குள்ளிருந்து ஒவ்வொன்றாகக் கண்ணாடி வரை வந்து, ஒரு நொடி நின்று, மறுபடி உள்ளே போய்க்கொண்டிருந்தன.

மீன் குஞ்சுகள்.

தங்கமீன் தான் இட்ட முட்டையைத் தானே தின்னும் ஜாதி. வீட்டுத் தொட்டியில் குஞ்சு பிழைப்பதை எத்தனை வருஷ வேலையிலும் நான் பார்த்ததில்லை. பம்பை இறக்கியிருந்தால் எல்லாவற்றையும் உறிஞ்சியிருக்கும். நான் அந்தோணி சாரைப் பார்த்தேன். அவர் என் சட்டையை விடவில்லை, ஆனால் சத்தம் போடுவதை நிறுத்தியிருந்தார். "பாத்துட்டேன் சார்" என்றேன். "பாத்துட்டேன்." அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் போயிற்று.

மேடத்துக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னதும், "ப்ளக் சொருகிட்டீங்களா அண்ணா?" என்றார்.

"இல்ல மேடம்."

"நக்கோ. எதையும் தொடாதீங்க. வர்றேன்."

ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தவர் அன்று நாற்காலி கேட்கவில்லை. நேராகத் தரையில் உட்கார்ந்து தலையைத் தலையணை மட்டத்துக்குச் சாய்த்துப் பார்த்தார். "சுப்ஹானல்லாஹ்" என்று மெதுவாகச் சொன்னார். ஜெபம் முடிந்து வந்த டீச்சர், கட்டிலடியில் நாங்கள் இருவரும் கிடப்பதைப் பார்த்துப் பதறி, "ஐயோ, அவருக்கு என்ன ஆச்சு?" என்று அலறிவிட்டார். அவரையும் உட்கார வைத்துக் காட்டினோம். நெடுநேரம் கழித்துத்தான் அவர் கண்ணுக்குப் பிடிபட்டது. சிலுவை போட்டுக்கொண்டார்.

"இதைத்தான் சொல்லிட்டிருந்தீங்களா?" என்று கணவரைக் கேட்டார். "நாங்கதான் ஒண்ணும் புரியாம துணியப் போட்டு மூடினோமா?"

அந்தோணி சார் கண்ணை ஒருமுறை மூடித் திறந்தார்.

மேடம் எங்களுக்கு விளக்கினார். டீச்சர் விடாமல் ஊற்றிய ஜில்லென்ற தண்ணீரை மழை வந்துவிட்டதென்று எடுத்துக்கொண்டு மீன்கள் முட்டை இட்டிருக்கின்றன. பச்சை கெட்டியாக இருந்ததால் தின்ன வந்த பெரிய மீன்களின் கண்ணில் முட்டை படவில்லை. பொரித்து வந்த குஞ்சுகளுக்கு அந்தப் பச்சையிலேயே சாப்பாடும் இருந்திருக்கிறது. நாங்கள் விரட்டி விரட்டி அடிக்கப் பார்த்தது அவற்றுக்குத் தாய்ப்பால் மாதிரி. "இதைத் தெளிய வெச்சா ஒண்ணும் மிஞ்சாது டீச்சர். இன்னும் ஒரு மாசம் இப்படியே இருக்கணும்."

"ஞாயித்துக்கிழமை வின்சென்ட் வருவானே?"

"வரட்டும்" என்றார் மேடம்.

அன்றே பெரிய மீன்களை வெளியே எடுத்தோம். வலை போடக் கூடாது, குஞ்சும் சேர்ந்து வந்துவிடும். ஒரு கிண்ணத்தைத் தண்ணீருக்குள் சாய்த்துப் பிடித்துக்கொண்டு அசையாமல் காத்திருந்தேன். மீன் தானாக உள்ளே நுழைந்ததும் நிமிர்த்தி, கிண்ணத்துத் தண்ணீரை வெயிலில் பிடித்துக் குஞ்சு எதுவும் இல்லை என்று மேடம் தலையசைத்த பிறகுதான் டப்பில் விட்டேன். மூன்று மீனுக்கு மதியம் ஆகிவிட்டது. அந்தோணி சார் ஒரு மேஸ்திரி மாதிரி மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை நானும் மேடமும் அங்கே இருந்தோம். வின்சென்ட் டிவி பெட்டியை வாசலில் இறக்கி வைத்துவிட்டு உள்ளே வந்தார். பச்சை முன்பைவிடக் கெட்டியாக இருந்தது, போதாக்குறைக்குப் பக்கத்தில் ஒரு டப் வேறு. "என்னம்மா இது? இன்னும் ஜாஸ்தியில்ல ஆயிருக்கு?" என்றார்.

மேடம், "தொட்டிய இன்னிக்கே வேணாலும் எடுத்துக்கலாம் சார். அதுக்கு முன்னாடி அப்பா பக்கத்துல கொஞ்ச நேரம் படுங்க" என்றார்.

"நானா? எதுக்கு?"

"படுடா" என்றார் டீச்சர்.

வின்சென்ட் கூச்சத்தோடு ஷூவைக் கழற்றிவிட்டுக் கட்டில் ஓரத்தில் ஒருக்களித்துப் படுத்தார். நல்ல வளர்ந்த ஆள், கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அந்தோணி சார் இடக்கையை மெல்லத் தூக்கி மகனின் தாடையைப் பிடித்துச் சரியான பக்கத்துக்குத் திருப்பினார். வின்சென்ட்டின் உடம்பு முதலில் விறைப்பாக இருந்தது. பிறகு அவர் கை தானாக அப்பாவின் கையைப் பிடித்தது. "அப்பா..." என்றார். எழுந்து வந்து, டிவி பெட்டியை உள்ளறையில் கொண்டுபோய் வைத்தார்.

அதன் பிறகு கத்துவது நின்றுவிட்டது. ஆனால் தூக்கம் மட்டும் வரவில்லை. "அரை மணி நேரம் கண்ணசருறாரு, உடனே முழிச்சு அங்கயே பாக்குறாரு" என்று டீச்சர் கவலைப்பட்டார். டாக்டரும் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். எங்களுக்குப் பயம் போகவில்லை.

குஞ்சுகள் அரிசி அளவு ஆனதும் மேடம் ஒரு பை நிறைய டாஃப்னியா கொண்டுவந்து கொடுத்தார். கடுகைவிடச் சின்னதாக, துள்ளித் துள்ளி நீந்தும் தண்ணீர்ப் பூச்சி. அது பச்சையைத் தின்னும், குஞ்சு அதைத் தின்னும். மருந்து இல்லை, விளக்கு இல்லை. ஒரு செவ்வாய்க்கிழமை நான் அவற்றைத் தொட்டியில் விட்டுவிட்டு வந்தேன்.

வியாழக்கிழமை காலையில் போனபோது வீட்டுக் கதவு திறந்திருந்தது. டீச்சர் கோயிலுக்குப் போகாமல் ஹால் நடுவில் நின்றுகொண்டிருந்தார். லீவு போட்டுவிட்டு வந்திருந்த வின்சென்ட்டும் நின்றுகொண்டிருந்தார். தொட்டியில் தண்ணீர் இருப்பதே தெரியவில்லை. அப்படி ஒரு தெளிவு. அந்த வெறும் வெளிச்சத்தில் செப்பு நிறத்தில் சின்னச் சின்ன மீன்கள் தொட்டி முழுக்க நின்றன. ஒன்று திரும்பினால் எல்லாம் திரும்பின. நான் பையைக் கீழே வைக்க மறந்து கும்பிட்டேன். யாரைக் கும்பிட்டேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"நல்லாத் தெரியுதுங்க!" என்றார் டீச்சர் கணவரிடம். "நின்னுட்டுப் பாத்தாலே தெரியுது. எனக்கே கண்ணாடி போடாம தெரியுது!"

அந்தோணி சார் தொட்டியைப் பார்க்கவில்லை. டீச்சரின் முகத்தைப் பார்த்தார், வின்சென்ட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எல்லோருடைய கண்ணும் மீன்மேல் இருக்கிறதா என்று சரிபார்ப்பது போல இருந்தது. பிறகு தலையைச் சுவர்ப்பக்கம் திருப்பிக் கண்ணை மூடிக்கொண்டார்.

டீச்சர் பதறிப்போய் அவர் மூக்கருகில் விரலை வைத்துப் பார்த்தார். மார்பு சீராக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. லேசாகக் குறட்டை வந்தது. பகலில் அவர் தூங்கி எத்தனை நாளாயிற்று என்று யாருக்கும் நினைவில்லை.

டீச்சர் நாற்காலியைச் சத்தமில்லாமல் தூக்கிவந்து தொட்டியின் முன்னால் போட்டு உட்கார்ந்தார். போர்வையைக் கணவரின் தோள்வரை இழுத்து விட்டார்.

"நீங்க தூங்குங்க" என்றார். "நான் பாத்துக்கிறேன்."